ஒரே குடும்பம், தனித்தனிக் கோப்பு: இரண்டு நாடுகளுக்கு நடுவில் வாழும் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானத்தில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கடிகாரத்தில் இரண்டரை மணி நேர வித்தியாசம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் சிங்கப்பூரை வெளிநாடு என்றே நினைப்பதில்லை. "மாமா சிங்கப்பூர்ல இருக்காரு" என்பதை, பக்கத்து டவுனில் இருப்பது போலச் சொல்வார்கள்.

ஒரு குழந்தை பிறக்கும்போதோ, ஊரில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகும்போதோதான் நடுவில் ஒரு எல்லைக்கோடு இருப்பது தெரியவரும்.

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை வச்சுக்குவோம். கணவர் சிங்கப்பூரில் பொறியாளர். பி.ஆர். எனப்படும் நிரந்தரவாசத் தகுதி வாங்கிவிட்டார். மனைவியும் 12 வயது மகனும் அங்கே அவருடன் இருக்கிறார்கள். போன மாதம் ஒரு பெண் குழந்தையும் பிறந்திருக்கிறது. மன்னார்குடி பக்கத்து ஊரில் கணவரின் அம்மா, அப்பா, ஒரு ஓட்டு வீடு, கொஞ்சம் நன்செய். கணவருக்கு அங்கேயே செட்டில் ஆக ஆசை. மனைவிக்கோ மாமனார் மாமியாரைத் தனியாக விட மனசில்லை. பிள்ளைகளோடு ஊருக்கு வந்துவிடலாமா என்று யோசிக்கிறார். மகன் வீடியோ காலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அப்பாயி, நீங்க எப்ப இங்க வருவீங்க?"

எங்கே வாழ்வது என்பது உங்கள் குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு. அதில் அரசுத் துறை எதுவும் யோசனை சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்குள் நீங்கள் ஒரே குடும்பம். சட்டத்துக்கு முன்னால் ஆளுக்கொரு கோப்பு. ஒவ்வொரு கோப்புக்கும் தனித் தேதி. நீங்கள் முடிவைத் தள்ளிப்போட்டால், பல விஷயங்களில் அந்தத் தேதி உங்களுக்காக முடிவெடுத்துவிடும். அந்தத் தேதிகள் என்னென்ன என்று ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

முதலில் அடிப்படை: பி.ஆர்., குடியுரிமை, ஓ.சி.ஐ.

இந்த மூன்றையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பி.ஆர். வாங்கினால் உங்கள் இந்தியக் குடியுரிமைக்கு எதுவும் ஆகாது. இந்திய பாஸ்போர்ட்டிலேயே அங்கே நீண்ட காலம் வாழலாம். ஆனால் சிங்கப்பூரை விட்டு வெளியே போய்த் திரும்ப, மறுநுழைவு அனுமதி செல்லுபடியாக இருக்க வேண்டும். அந்த அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே இருந்தால் பி.ஆர். தகுதியையே இழக்க நேரிடும். "ஊர்ல ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்துடலாம்" என்று கிளம்புகிறவர்கள் இந்த அனுமதியின் கடைசித் தேதியை முதலில் பாருங்கள்.

குடியுரிமை வேறு. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. சிங்கப்பூரும் ஏற்பதில்லை. 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவின்படி, ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமையைப் பெறும்போதே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. யாரும் கடிதம் எழுதி ரத்து செய்ய வேண்டியதில்லை.

ஓ.சி.ஐ. அட்டையின் பெயரில் 'குடிமகன்' என்ற சொல் இருப்பதால் அதையும் குடியுரிமை என்று நினைப்பவர்கள் உண்டு. அது குடியுரிமை இல்லை. முன்னாள் இந்தியக் குடிமக்களும் அவர்களின் வாரிசுகளும் விசா தொல்லை இல்லாமல் இந்தியா வந்துபோகவும், இங்கே தங்கவும் தரப்படும் வாழ்நாள் வசதி. முன்பிருந்த பி.ஐ.ஓ. அட்டை 2015 ஜனவரியில் இதோடு இணைக்கப்பட்டுவிட்டது.

பச்சைக் குழந்தையின் கோப்பு: ஒரு வருடம்தான் கெடு

குடும்பத்திலேயே சின்ன ஆளுக்குத்தான் தேதி முதலில் வருகிறது.

அப்பா, அம்மா இருவரும் இந்தியர்களாக இருந்து, பி.ஆர். தகுதியில் சிங்கப்பூரில் வசிக்கும்போது குழந்தை பிறந்தால், அந்தக் குழந்தை தானாக சிங்கப்பூர் குடிமகன் ஆவதில்லை. சரி, அப்படியானால் தானாக இந்தியக் குடிமகனா? அதுவும் இல்லை. 2004 டிசம்பர் 3ஆம் தேதி முதல் வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை, பெற்றோர் வழியில் இந்தியக் குடியுரிமை பெற வேண்டுமானால், பிறந்த ஒரு வருடத்துக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். குழந்தையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் மத்திய அரசின் அனுமதி தேவைப்படும்.

ஆக, செய்ய வேண்டியது இரண்டு பதிவுகள். ஒன்று, சிங்கப்பூரின் பிறப்புப் பதிவு. அங்கே 42 நாள் கெடு. இரண்டு, இந்தியத் தூதரகத்தில் பதிவு. முதலாவதைச் செய்துவிட்டு 'பதிவு முடிஞ்சுது' என்று இருந்துவிடக் கூடாது.

பெற்றோரில் ஒருவர் சிங்கப்பூர் குடிமகனாக இருந்தால், அங்கே பிறக்கும் குழந்தைக்கு அந்த நாட்டுக் குடியுரிமை பிறப்பிலேயே கிடைக்கும். அந்த நாட்டு பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டால், இந்தியத் தூதரகத்தில் மேலே சொன்ன உறுதிமொழியைக் கொடுக்க முடியாது. இந்த இடத்தில் பாஸ்போர்ட் விண்ணப்பம் எழுதும் முன்பே கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

இன்னொரு விதியும் உண்டு. இது பலருக்குத் தெரியாது. வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பைத் தூதரகத்தில் பதிவு செய்யாமல், இந்தியாவிலேயே குடியேறும் எண்ணத்தோடு குடும்பம் திரும்பி வந்தால், குழந்தை இந்தியா வந்த 60 நாட்களுக்குள் இங்குள்ள பிறப்பு-இறப்புப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். 1969ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது. ஆனால் கவனம்: இது பிறப்புச் சான்றிதழுக்கான வழி. குடியுரிமைக்கான தூதரகப் பதிவுக்கு இது மாற்று ஆகாது.

மனைவியின் கோப்பு: கல்யாணப் பதிவை மறக்காதீங்க

குடும்பத்தைக் கூடவே வைத்துக்கொள்ள எல்லாருக்கும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் வேலை செய்பவர் மனைவி, பிள்ளைகளைச் சார்ந்தோர் அனுமதியில் அழைத்துப்போக முடியாது. வேறு வகை வேலை அனுமதி உள்ளவர்களுக்கும் மனைவி, பிள்ளைகளை அழைக்க மாதம் 6,000 சிங்கப்பூர் டாலர் சம்பளம் வேண்டும் என்பது இப்போதைய விதி. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் நம் ஊர்க்காரர்கள் பலரின் குடும்பம் பிரிந்தே இருப்பதற்கு இந்த விதிகளும் ஒரு காரணம்.

தகுதி இருந்தும் சிலருக்குத் தாமதமாவதற்குக் காரணம், கையில் திருமணப் பதிவுச் சான்றிதழ் இல்லாததுதான். பத்திரிகை, ஆல்பம், மண்டப ரசீது எல்லாம் இருக்கும். அது மட்டும் இருக்காது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009-இன்படி எந்த மதத்தவரின் திருமணமாக இருந்தாலும் பதிவு கட்டாயம். கல்யாணம் ஆன 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதன்பின் 150 நாட்கள் வரை தாமதக் கட்டணத்துடன் பதிவு செய்யலாம்.

அந்த ஒரு காகிதம் பல இடங்களில் கேட்கப்படும். மனைவிக்கான அனுமதி, குழந்தையின் தூதரகப் பதிவு, பின்னாளில் வாரிசுச் சான்று என்று வரிசையாக வரும். வெளிநாட்டுக் குடிமகனாக உள்ள கணவனோ மனைவியோ, இந்தியத் துணைவர் வழியில் ஓ.சி.ஐ. கேட்பதானால், திருமணம் பதிவாகி இரண்டு வருடமாவது தொடர்ந்திருக்க வேண்டும்.

மனைவியின் கோப்பில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: கணவர் சிங்கப்பூர் குடிமகன் ஆனால் மனைவியும் தானாக ஆகிவிடுவதில்லை. அவர் இந்தியக் குடிமகளாகவே தொடரலாம். ஒரே வீட்டில் இரண்டு நிற பாஸ்போர்ட் இருப்பது சட்டப்படி தவறில்லை. ஒரே ஆளிடம் இரண்டு இருப்பதுதான் தவறு.

மகனின் கோப்பு: 13, 16½, 18, 21

ஆண் பிள்ளை உள்ள வீடுகளில் பெரிய விவாதமே இங்குதான்.

சிங்கப்பூரில் 1967 முதல் தேசிய சேவை கட்டாயம். ஆண் குடிமக்கள் இரண்டு வருடம் முழுநேரமாக ராணுவம், காவல்துறை அல்லது குடிமைத் தற்காப்புப் படையில் பணிபுரிய வேண்டும். வேலையின் அடிப்படையில் பி.ஆர். வாங்கிய அப்பாவுக்குப் பொதுவாக இதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அவர் மூலமாக பி.ஆர். பெற்ற மகனுக்கு விலக்கு இல்லை. பதினாறரை வயதில் பதிவு, 18 வயதில் சேவை.

நம் உதாரணக் குடும்பத்துக்குத் திரும்புவோம். மகனுக்கு 12 வயது. "இப்போதைக்கு ஊர்ல சேர்த்துடலாம், பெரியவனானதும் பார்த்துக்கலாம்" என்பதுதான் பெரும்பாலும் வீட்டில் எடுக்கும் முடிவு. அதற்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தப் பையனும் பி.ஆர். என்றால், 13 வயது முதல் மூன்று மாதமோ அதற்கு மேலோ சிங்கப்பூருக்கு வெளியே இருக்க 'எக்ஸிட் பெர்மிட்' எனும் அனுமதி தேவை. அது இல்லாமல் தாத்தா வீட்டிலிருந்து படித்தால், படிப்பதே விதிமீறல் ஆகிவிடும். அந்த நாட்டுச் சட்டப்படி 10,000 டாலர் வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை என்று தண்டனை கடுமை. தேசிய சேவை செய்யாமல் பி.ஆர். தகுதியைக் கைவிடும் பையன்கள், பிற்காலத்தில் அங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பித்தால் அது பாதகமாகப் பார்க்கப்படும் என்றும் அந்நாட்டு அரசு சொல்லியிருக்கிறது.

இரண்டு வருட சேவையைப் பெருமையாக நினைத்து முடித்துவிட்டு வரும் தமிழ்ப் பிள்ளைகளும் நிறைய பேர். எனவே இது நல்லதா கெட்டதா என்ற கேள்வி இல்லை. மகனுக்கு பி.ஆர். கேட்டு விண்ணப்பிக்கும் நாளிலேயே இந்தப் பொறுப்பும் சேர்ந்து வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு நாட்டுச் சட்டமும் வெவ்வேறு வயதைப் பார்க்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோர் வழியில் இந்தியக் குடியுரிமை பெற்ற பிள்ளைக்கு வேறு நாட்டுக் குடியுரிமையும் இருந்தால், 18 வயது நிறைந்த ஆறு மாதத்துக்குள் அந்த வேற்று நாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். இல்லையேல் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்கிறது நம் சட்டம். சிங்கப்பூரிலோ, 21 வயதுக்கு முன் குடியுரிமையைத் துறக்க முடியாது. தேசிய சேவைக் கடமை பாக்கி இருந்தால் அதற்குப் பிறகும் அந்த அரசு நிறுத்திவைக்கலாம். இந்த இடைவெளியில் சிக்கிக்கொள்ளும் பிள்ளைக்கு வழக்கறிஞரின் ஆலோசனை அவசியம். அதையும் 17 வயதிலேயே கேளுங்கள்.

நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு

'அப்பா அம்மா முன்னாடி இந்தியர்கள்தானே, பையன் பெரியவனானதும் திரும்ப வாங்கிக்கலாம்' என்று நினைப்பவர்கள் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெற்றோர் 1998-இல் சிங்கப்பூர் குடியுரிமை பெற்றார்கள். அப்போது தாய் கர்ப்பிணி. மகன் அடுத்த வருடம் அங்கே பிறந்தார். 18 வயதான பிறகு, இந்தியக் குடியுரிமையை மீட்டுத் தரும்படி விண்ணப்பித்தார். பெற்றோர் குடியுரிமையைத் துறந்ததால் அதை இழந்த சிறுவர்கள், வயதுவந்த ஒரு வருடத்துக்குள் மீண்டும் கோரலாம் என்று சட்டத்தின் 8ஆவது பிரிவு சொல்கிறது. அதைத்தான் அவர் நம்பினார். சென்னை உயர் நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அவருடைய பெற்றோர் தாமாக அறிவிப்புக் கொடுத்துத் துறக்கவில்லை; வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதால் 9ஆவது பிரிவின்படி தானாகவே அதை இழந்தார்கள்; எனவே 8ஆவது பிரிவின் சலுகை மகனுக்குக் கிடைக்காது என்றது நீதிமன்றம்.

இரண்டு பிரிவுகளுக்கு நடுவில் உள்ள இந்த நுணுக்கம், கையெழுத்துப் போடும் நாளில் எந்தப் பெற்றோருக்கும் தோன்றாது. விளைவு ஒரு தலைமுறை கழித்துப் பிள்ளையிடம் வருகிறது.

இன்னொரு வாசலும் சட்டத்தில் இருக்கிறது. தானோ, பெற்றோரில் ஒருவரோ முன்பு சுதந்திர இந்தியாவின் குடிமகனாக இருந்திருந்தால், விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் இந்தியாவில் வசித்தவர் பதிவின் மூலம் குடியுரிமை கோரலாம். ஐந்து வருடம் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்து, 12 மாதம் இங்கே வசித்தவருக்கும் தனி வழி உண்டு. திரும்பி வர வழி இருக்கிறது. ஆனால் அதற்குக் காலமும் வசிப்பிட ஆதாரமும் வேண்டும்.

கணவரின் கோப்பு: பாஸ்போர்ட் மாறினால் ஊரில் என்ன மாறும்?

குடியுரிமை மாற்றிய பிறகு பழைய இந்திய பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது, 'டேட் இருக்கே' என்று வைத்துக்கொள்வது, இரண்டும் கூடாது. தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும். ஓ.சி.ஐ. விண்ணப்பத்துக்கும் அந்தச் சான்று தேவை.

ஓ.சி.ஐ.யைத் தள்ளிப்போடுவதால் வரும் கஷ்டம் ஒரு நாளில் தெரியும். நடுராத்திரியில் ஊரிலிருந்து போன் வரும். ஓ.சி.ஐ. இருந்தால் அடுத்த விமானத்தில் ஏறலாம். இல்லையென்றால் பெற்ற தாயின் இறுதிச் சடங்குக்கு வரவும் விசாவுக்குக் காத்திருக்க வேண்டும்.

ஊரில் மாறுபவை இவை:

• ஓட்டு: இந்தியக் குடிமகனாக இருக்கும் வரை, வெளிநாட்டில் வசித்தாலும் படிவம் 6ஏ மூலம் சொந்தத் தொகுதியில் பெயர் சேர்க்கலாம், நேரில் வந்து வாக்களிக்க வேண்டும். குடியுரிமை மாறினால் வாக்குரிமை இல்லை.

• நிலம்: வீடு, மனை வாங்க ஓ.சி.ஐ. வைத்திருப்பவருக்குத் தடையில்லை. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்க முடியாது. இந்தத் தடை வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்தும். ஆனால் அப்பாவின் நன்செய் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்க வேண்டும்.

• வங்கி: வெளிநாட்டில் குடியேறியதும் பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும்.

• ஆதார்: வெளிநாடுவாழ் இந்தியர், செல்லுபடியாகும் இந்திய பாஸ்போர்ட்டை வைத்துப் பதியலாம். ஓ.சி.ஐ. உள்ளவர், விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இங்கே தங்கியிருக்க வேண்டும்.

• குடும்ப அட்டை: வீட்டில் வசிக்காதவரின் பெயரை நீக்க விண்ணப்பித்துவிடுங்கள்.

அம்மா, அப்பாவின் கோப்பு: ஊரில் இருப்பவர்களையும் யோசிக்கணும்

"அவங்களையும் அங்கே கூட்டிட்டுப் போயிடலாமே?" எல்லாராலும் முடியாது. வேலை அனுமதியில் இருப்பவர் பெற்றோரை நீண்ட காலம் தங்கவைக்க, மாதம் 12,000 சிங்கப்பூர் டாலர் சம்பளம் வேண்டும். அது இருந்தாலும், எழுபது வயதில் மாடிக்குடியிருப்பில் பகல் முழுக்கத் தனியாக இருக்கப் பெரியவர்களுக்கு மனம் வர வேண்டும். பலர் ஊரையே விரும்புகிறார்கள்.

அப்படி ஊரில் இருப்பவர்களுக்காக மூன்று ஏற்பாடுகள்.

ஒன்று, பவர் பத்திரம். ஊரில் உள்ள உங்கள் சொத்தை அப்பாவோ தம்பியோ பார்த்துக்கொள்ள, சிங்கப்பூரில் எழுதி, தூதரகத்திலோ உரிய அதிகாரி முன்போ சான்றொப்பம் பெற்று அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். பலர் பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பத்திரம் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டு, பராமரிப்பு. 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்தும். பிள்ளைகள் கவனிக்காவிட்டால் பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். 'பார்த்துக்கொள்வார்' என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து ஏமாந்திருந்தால், அந்த எழுத்தை ரத்து செய்யவும் இந்தச் சட்டத்தில் வழி உண்டு.

மூன்று, அவசர உதவி. மூத்த குடிமக்கள் உதவி எண் 14567. பெரியவர்களின் போனில் இதைப் பதிந்து வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் எண் உங்கள் போனிலும் இருக்கட்டும்.

கணவன் மனைவிக்குள்ளேயே நாடு பிரிந்தால்

சில வீடுகளில் 'அங்கேயா, இங்கேயா' என்ற வாக்குவாதம் மணமுறிவு வரை போய்விடுகிறது. ஒருவர் சொல்லாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறிவிடுவார். பிள்ளைகளை இப்படி நாடு கடத்திச் செல்வது பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சிங்கப்பூர் இருக்கிறது, இந்தியா இல்லை. ஆகவே இங்கே வந்துவிட்ட பிள்ளையை அந்த உடன்படிக்கையின்படி உடனே திருப்பி அனுப்பும் வழி கிடையாது. இந்திய நீதிமன்றங்கள் பிள்ளையின் நலனையே முதன்மையாகப் பார்க்கின்றன. வெளிநாட்டு நீதிமன்றம் தந்த உத்தரவையும் அதில் ஒரு அம்சமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

வழக்கு நடக்கும் வருடங்களில் பிள்ளைக்கு அப்பாவோ அம்மாவோ திரையில் தெரியும் முகமாக மட்டும் ஆகிவிடுவார். யார் ஜெயித்தாலும் அந்த வருடங்கள் திரும்பாது. பேச்சுவார்த்தைக்கு இடமிருக்கும்போதே சமரசத்தை நாடுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு; எண் 15100. பெண்கள் உதவி எண் 181. குழந்தைகள் உதவி எண் 1098.

திரும்பி வரும் பிள்ளைகளின் படிப்பு

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. பள்ளியில் தாய்மொழிப் பாடமாகவும் உண்டு. அதனால் இங்கே வந்து தமிழ்ப் பாடத்தில் சேர்வது பலருக்குச் சிரமமாக இருப்பதில்லை. உண்மையான பிரச்சினை பிளஸ் டூ முடிக்கும்போது வரும்.

2021 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, ஓ.சி.ஐ. மாணவர்கள் நீட், ஜே.இ.இ. போன்ற தேர்வுகளை எழுதலாம். ஆனால் என்.ஆர்.ஐ. இடங்களுக்கும் கூடுதல் இடங்களுக்கும் மட்டுமே தகுதி. இந்தியக் குடிமக்களுக்கென்றே உள்ள இடங்களில் சேர முடியாது. பிள்ளையை இங்கே டாக்டருக்குப் படிக்கவைக்கலாம் என்ற எண்ணம் இருந்தால், குடியுரிமை மாற்றும் முன் இந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படியுங்கள். இந்தியக் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கும் பிறப்பிடச் சான்றிதழ் தேவைப்படலாம். அதை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள்.

உதவிக்கு யாரை அணுகலாம்?

தமிழ்நாட்டில் அயலகத் தமிழர்களுக்கெனத் தனி நல வாரியம் இருக்கிறது. 2011ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு அடிப்படை. வாரியத்தின் இணையதளத்தில் உறுப்பினராகப் பதிந்து அடையாள அட்டை பெறலாம். காப்பீட்டுத் திட்டங்களின் தகுதி விவரமும் அங்கேயே கிடைக்கும். வெளிநாட்டில் சம்பளப் பாக்கி, விபத்து, மரணம், தொடர்பு அற்றுப்போதல் போன்ற நிலைகளில் ஊரில் உள்ள குடும்பத்தினர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம். இந்தியத் தூதரகங்களிடம் குறை தெரிவிக்க வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளம் இருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேச வேண்டியவை

1. குழந்தை பிறந்து எத்தனை மாதம்? தூதரகப் பதிவு ஆகிவிட்டதா?
2. திருமணப் பதிவுச் சான்றிதழ் யாரிடம் இருக்கிறது?
3. மறுநுழைவு அனுமதி எப்போது முடிகிறது?
4. மகனுக்கு 13 வயது எப்போது? பி.ஆர். இருக்கிறதா? ஊரில் படிக்கவைக்கும் திட்டம் உண்டா?
5. குடியுரிமை மாற்றும் எண்ணம் இருந்தால், பிள்ளைகளின் மேற்படிப்பு எந்த நாட்டில்?
6. குடியுரிமை மாற்றியவரின் ஓ.சி.ஐ. அட்டை கையில் இருக்கிறதா?
7. ஊரில் உள்ள பவர் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டியாச்சா?
8. அம்மா, அப்பாவிடம் "உங்களுக்கு எங்க இருக்கப் பிடிக்கும்?" என்று யாராவது கேட்டீங்களா?

சம்பள வரம்பு, கட்டணம், படிவம் போன்றவை மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் நாளில் உரிய அலுவலகத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். முதல் ஏழு கேள்விகளுக்குப் பதில் காகிதத்தில் இருக்கும். எட்டாவதைப் பெரியவர்களிடம் நேராகக் கேட்டால்தான் தெரியும். அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.